சாமியிடம் கட்-ஆஃப் சொல்லாதீர்கள்

பொதுத்தேர்வு நெருங்கினாலே செட்டிபுண்ணியத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். சிங்கப்பெருமாள்கோவில் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில், யோக ஹயக்ரீவர் சன்னதிக்கு முன்னால் பேனா, நோட்டு, ஹால் டிக்கெட் நகல் எல்லாவற்றையும் ஏந்திக்கொண்டு நம் ஆட்கள் நிற்பார்கள். கடலூர் அருகே திருவஹீந்திரபுரத்தில் மலைப்படி ஏறுகிறவர்களும் இதே வேலையாகத்தான் ஏறுகிறார்கள். பூந்தோட்டம் பக்கத்துக் கூத்தனூர் சரஸ்வதிக்கும் அப்படித்தான். தேவாலயங்களில் தேர்வெழுதும் பிள்ளைகளுக்கென்று தனி ஜெபம் நடக்கும். பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் துஆ கேட்பார்கள். இதில் எதையும் நான் கேலி செய்யவில்லை. நானும் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அம்மாதான், போகிறவள்தான்.

அங்கே நின்று நாம் பேசுவதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. "அறுநூற்றி ஐம்பது வந்தால் திருப்பதிக்கு நடந்தே வருகிறேன்" என்கிறோம். "கவர்மென்ட் சீட் கிடைத்தால் பால்குடம்" என்கிறோம். தெரிந்தவர் ஒருவர் கட்-ஆஃப் 196 என்று துல்லியமாகவே சொல்லிவிட்டு வந்தார். சாமிக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காகவாம். எண்ணை நாம் முடிவு செய்கிறோம், கல்லூரியை நாம் முடிவு செய்கிறோம், கூலியையும் நாமே பேசி முடிக்கிறோம். கடவுளுக்கு மிச்சம் இருப்பது கையெழுத்துப் போடும் வேலை மட்டும்தான்.

இதற்குப் பெயர் நம்பிக்கை என்றால், வீடு திரும்பியதும் ஏன் தூக்கம் வரமாட்டேன் என்கிறது? அர்ச்சனைத் தட்டை இறக்கி வைத்த கையோடு ஏன் ஜோசியருக்குப் போன் போகிறது? புதன் எங்கே இருக்கிறான், நாலாம் இடம் எப்படி என்று கேட்டு, அவர் சொன்னதில் மனசு நிறையாமல் இன்னொருவரிடம் போகிறோம். அதுவும் போதாமல், பிள்ளையின் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து 'மூளைத் திறன் அறிக்கை' தருகிறவர்களிடம் ஆயிரக்கணக்கில் கட்டுகிறோம். விரல் ரேகைக்கும் பிள்ளையின் அறிவுக்கும் தொடர்பு காட்ட எந்த அறிவியல் ஆதாரமும் கிடையாது. ஆனால் அறிக்கை வண்ணத் தாளில், சுருள் கம்பி போட்டு வருகிறது. அதற்கே ஒரு மரியாதை.

திருவஹீந்திரபுரம் போகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். வேதாந்த தேசிகர் பல ஆண்டுகள் வாழ்ந்த ஊர் அது. 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அவர் தம் ஆயுளில் பெரும் பங்கைச் சரணாகதி என்ற ஒன்றை விளக்குவதற்கே செலவிட்டார். சரணாகதிக்கு அங்கங்கள் உண்டு என்பது வைணவ மரபு. அவற்றில் ஒன்று, 'இது என்னால் ஆகாது' என்று மனசார ஒப்புக்கொள்வது. இன்னொன்று மகாவிசுவாசம், காப்பான் என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத உறுதி. இவற்றோடு பாரத்தை ஒப்படைத்த பிறகு, அந்தக் காரியத்தைப் பற்றிய கவலை ஒப்படைத்தவனுக்கு இருக்கக் கூடாது. அதே ஊருக்கு ஹால் டிக்கெட்டோடு போகிற நாம், ஒப்படைத்த பாரத்தைப் படி இறங்குவதற்குள் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

இதற்கு ஆசாரியர்கள் எடுத்துக்காட்டும் கதை சுந்தர காண்டத்தில் இருக்கிறது. இந்திரஜித் விட்ட பிரம்மாஸ்திரம் அனுமனைக் கட்டிப்போட்டுவிட்டது. கட்டியது போதும் என்று அரக்கர்கள் விட்டிருக்கலாம். அவர்களுக்கு நம்பிக்கை போதவில்லை. சணல் கயிறும் மரநாரும் கொண்டுவந்து மேலே இறுக்கினார்கள். வேறு கட்டு விழுந்ததும் அஸ்திரம் தானாக அவிழ்ந்துபோயிற்று. இந்திரஜித்துக்கு விஷயம் புரிந்தபோது காரியம் கைமீறிவிட்டது. நம்மைப் பற்றியே சொன்ன மாதிரி இல்லையா? ஹயக்ரீவர் மேல் ஒரு ஜோசியர், அவர் மேல் ஒரு ரேகை அறிக்கை, அதற்கும் மேல் பெற்றோர் வாட்ஸ்அப் குழு. ராத்திரி பதினொரு மணிக்கு அந்தக் குழுவில் ஒருவர் கேட்கிறார்: "இன்னைக்கு டெஸ்ட்ல உங்க பையன் எவ்வளவு?" அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசே 2017-இல் நிறுத்திவிட்டது. நம் குழுக்கள் இன்னும் நிறுத்தவில்லை.

மனநிம்மதி இல்லை என்று நாம் எல்லோரும் புலம்புகிறோம். எனக்குத் தெரிந்தவரை காரணம் இதுதான். நமக்குத் தெரியவே முடியாத விஷயத்தில் எல்லாம் தெரிந்தவர்கள் மாதிரி இருக்கிறோம். நமக்கு மட்டுமே தெரிந்த விஷயத்திலோ ஊரைக் கேட்கிறோம்.

முதலில் தெரியாததை எடுத்துக்கொள்வோம். 2025 நீட் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 22 லட்சத்துக்கு மேல். நாடு முழுவதும் இருக்கும் எம்பிபிஎஸ் இடங்கள் ஒரு லட்சத்துக்கு மேல். 180 கேள்வி, 720 மதிப்பெண். சரியான விடைக்கு நான்கு கூடும், தவறுக்கு ஒன்று கழியும். அன்றைக்குக் கேள்வித்தாள் எப்படி வரும், எத்தனை பேர் நன்றாக எழுதுவார்கள், எந்த மதிப்பெண்ணுக்கு எந்த ரேங்க் என்று எந்த அம்மாவுக்குத் தெரியும்? "என் உள்மனசு சொல்லுது, இவன் டாக்டர் ஆயிடுவான்" என்று சொல்லாதீர்கள். அது உள்மனசு இல்லை, ஆசை. ஆசைப்படுவதில் குற்றமில்லை. ஆனால் அதற்கு உள்ளுணர்வு என்று பெயர் வைத்து, பிள்ளையை அதன்படி நடக்கச் சொல்வது அநியாயம்.

உள்ளுணர்வு எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்று இரண்டு உளவியலாளர்கள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். ஒருவர் டேனியல் கானமன், பொருளியல் நோபல் வாங்கியவர், உள்ளுணர்வு எப்படியெல்லாம் ஏமாற்றும் என்று காட்டியே பெயர் பெற்றவர். மற்றவர் கேரி கிளைன், தீயணைப்பு வீரர்களோடும் செவிலியர்களோடும் பழகி, உள்ளுணர்வின் பக்கம் பேசியவர். எதிரெதிர் கட்சிக்காரர்களான இருவரும் சேர்ந்து 2009-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் ஒத்துப்போன இடம் இது: ஒரு விஷயம் ஓர் ஒழுங்கோடு திரும்பத் திரும்ப நடக்க வேண்டும், அதை ஒருவர் நீண்ட காலம் பக்கத்தில் இருந்து பார்த்து, தம் கணிப்பு சரியா தப்பா என்று அவ்வப்போது தெரிந்துகொண்டே வந்திருக்க வேண்டும். அப்படிப்பட்டவரின் உள்ளுணர்வை நம்பலாம். மற்றவர் உள்ளுணர்வை நம்ப வேண்டியதில்லை, எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் சரி.

கிளைன் சொல்லும் தீயணைப்பு அதிகாரியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் தீ. தண்ணீர் அடித்தும் அடங்கவில்லை. அந்தத் தீ அளவுக்கு மீறிச் சூடாக இருந்தது. சத்தமோ எதிர்பார்த்ததைவிடக் குறைவு. என்னவென்று சொல்லத் தெரியாமலே அவர் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். அவர்கள் நின்றிருந்த தரை சற்று நேரத்தில் இடிந்து விழுந்தது. தீ கீழே, நிலவறையில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. தனக்கு ஏதோ அதீத சக்தி இருப்பதாகவே அந்த அதிகாரி நினைத்தாராம். உண்மையில் ஆண்டுக்கணக்காகத் தீயைப் பார்த்த கண்ணும் காதும் அவரை முந்திக்கொண்டு கணக்குப் போட்டுவிட்டன.

இப்போது சொல்லுங்கள், பதினேழு வருஷம் ஒரே பிள்ளையைப் பார்த்த கண்ணும் காதும் யாருக்கு இருக்கிறது? கோச்சிங் சென்டர் சாருக்கா? ஜாதகம் பார்க்கிறவருக்கா? அவன் ரசத்துக்கு முன்னால் தட்டை நகர்த்தினால் வயிறு சரியில்லை என்று நமக்குத் தெரியும். அவள் ஸ்கூட்டியில் ஏறி உட்காரும் விதத்திலேயே டியூஷனில் என்ன நடந்தது என்று தெரியும். தங்கையோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டான் என்றால் வீடு நிம்மதியாக இருக்கிறது என்று ஒரு நாள் சந்தோஷப்படுவோம். மூன்றாம் நாள் அடிவயிற்றில் ஏதோ செய்யும். குளியலறைக் குழாய் தேவைக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அறையில் விளக்கு எரியும், ஆனால் பக்கம் புரளும் சத்தம் கேட்காது. இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. தெரிந்த பிறகு என்ன செய்கிறோம்?

"வயசு அப்படித்தான்" என்று நாத்தனார் சொல்கிறார். "எக்ஸாம் டைம்ல எல்லாப் பசங்களும் இப்படித்தான் மேடம்" என்று சென்டரில் சொல்கிறார்கள். "நீ வேற, அவன் மூடைக் கெடுக்காதே" என்று கணவர். நாமும் அடங்கிவிடுகிறோம். எழுநூற்றி இருபதுக்கு எவ்வளவு வரும் என்று நமக்குத் தெரியாத ஒன்றில் அத்தனை உறுதியாக நின்ற நாம், இந்த இடத்தில், நம்மைத் தவிர யாருக்கும் தெரியாத இடத்தில், வாயை மூடிக்கொள்கிறோம். இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் தற்கொலையில் இறந்தார்கள் என்று தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. எல்லாவற்றுக்கும் தேர்வு காரணமில்லை. எல்லாவற்றையும் பெற்றோர் தடுத்திருக்க முடியும் என்று சொல்வதும் கொடுமை. பிள்ளையை இழந்தவர்கள்மேல் அந்தப் பழியைப் போடும் உரிமை யாருக்கும் இல்லை. நான் பேசுவது, இன்னும் நேரம் இருக்கிற நம்மிடம். அடிவயிற்றில் ஏதோ செய்தால், அன்றைக்கே கேளுங்கள். "என்னடா, படிச்சியா?" என்று இல்லை. "ரெண்டு நாளா நீ நீயா இல்லையே, எனக்கு அப்படித் தோணுது" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பக்கத்தில் உட்காருங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், நாடு முழுவதும் 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கிறது. பிள்ளை பேசத் தயங்கினால் முதலில் நீங்களே பேசலாம்.

தேர்வைத் தாண்டியும் இது பொருந்தும். ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு வர மாட்டேன் என்று குழந்தை அடம்பிடிக்கிறது; வேன் வரும் நேரத்துக்கு வயிற்றுவலி வருகிறது; ஒருவர் வந்தால் மட்டும் உள்ளே போய்விடுகிறது. அம்மாவுக்குத் துணுக்கென்கிறது. உடனே மனசு வக்கீலாகிவிடும்: "அவர் அப்படிப்பட்டவர் இல்லை, நம்ம ஆளு." போக்சோ வழக்குகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்படுகிறவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர்தான். உறவு முறிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அந்தத் துணுக்கை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 எதற்கு இருக்கிறது?

இங்கிலாந்தில் 2021-இல் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி இறந்தாள். சைக்கிளிலிருந்து விழுந்து கணையத்தில் அடி; மருத்துவமனையில் இருக்கும்போதே ரத்தத்தில் தொற்று பரவியது. பிள்ளை மோசமாகிறாள் என்று பெற்றோர் சொல்லியும் உரிய நேரத்தில் அவள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்படவில்லை. முன்னரே மாற்றியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. அவளுடைய பெற்றோர் போராடியதில், 2024 முதல் அங்கே மருத்துவமனைகளில் 'மார்த்தா விதி' வந்தது. சிகிச்சை பெறுகிறவர் மோசமாகிறார் என்று குடும்பத்தாருக்குத் தோன்றினால், வேறொரு மருத்துவக் குழுவை உடனே வந்து பார்க்கச் சொல்லும் உரிமை அது. ஒரு தாய் தகப்பனின் 'தோன்றுகிறது' என்ற சொல்லுக்கு ஒரு நாட்டின் மருத்துவத் துறையே கதவு திறந்து வைத்திருக்கிறது. நாம் நம் வீட்டுக்குள் அதை நாத்தனாரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நம்புகிறோம்.

"பயத்துக்கும் உள்ளுணர்வுக்கும் எப்படி வித்தியாசம் தெரியும்? எனக்குத்தான் நாள் பூரா ஏதாவது தோணிக்கிட்டே இருக்கே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நான் பார்த்தவரை, பயம் எப்போதும் வருங்காலத்தில் பேசும். அதில் நிறைய ஆட்கள் இருப்பார்கள். சீட் கிடைக்காவிட்டால் கல்யாண வீட்டில் எப்படி முகத்தைக் காட்டுவது, தம்பி மகன் ஐஐடியில் இருக்கும்போது நம்ம பையன் எங்கே இருப்பான், இப்படி. உள்ளுணர்வில் ஆள் நடமாட்டம் குறைவு. பிள்ளை இருக்கும், இன்றைய நாள் இருக்கும், அவ்வளவுதான். மனசில் ஓடுகிற படத்துக்குள் நாத்தனார் வந்துவிட்டாரென்றால் அது பயம் என்று வைத்துக்கொள்ளலாம். (நாத்தனார்கள் கோபிக்க வேண்டாம், நானும் ஒருத்திக்கு நாத்தனார்தான்.)

இன்னொரு வேடமும் உண்டு. "அந்தத் தெருப் பையனோட சேராதேன்னு என் மனசு சொல்லுது" என்பார்கள். அந்தப் பையனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். அது மனசு சொல்வது இல்லை, சாதி சொல்வது. தாத்தா காலத்திலிருந்து காதில் விழுந்ததெல்லாம் உள்ளுணர்வு ஆகிவிடாது. பார்த்துப் பழகித் தெரிந்ததுதான் ஆகும்.

ஆக, பார்த்துத் தெரிந்ததில் நம் மனசை நம்பி நடக்க வேண்டும். தெரிய முடியாததைக் கொடுத்துவிட வேண்டும். யாரிடம் என்பது அவரவர் வீட்டு விஷயம். ஹயக்ரீவரிடம் கொடுங்கள், மாதாவிடம் கொடுங்கள், அல்லாஹ்விடம் கொடுங்கள். சாமி கும்பிடாத வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் பிள்ளைமேல் ஒரு நம்பிக்கை உண்டு, எது வந்தாலும் இவள் நின்றுகொள்வாள் என்று. அதுவும் நம்பிக்கைதான். என் பாட்டி தலைமுறையில் இதற்குப் பெரிய தத்துவமெல்லாம் பேசவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் வேறு வேலை கிடையாது. சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, ஒன்றும் கேட்காமல் சும்மா இருப்பார்கள். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் எந்தப் பிள்ளைக்கு முகம் வாடியிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் கண்ணில் பட்டது. நம் கையில் அந்த நேரத்தில் போன் இருக்கிறது. பிறகு உள்ளுணர்வு பேசவில்லை என்று குறைப்படுவானேன்? பேச்சு இருந்தாலும் கேட்க ஆள் இல்லையே.

கொடுப்பது என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை. ஃபீஸ் கட்ட வேண்டும், தெரியாத பாடத்துக்கு ஆள் பார்க்க வேண்டும், கலந்தாய்வுத் தேதியைக் குறித்து வைக்க வேண்டும், நேரத்துக்குச் சோறு போட வேண்டும். நம் வேலை இவ்வளவும் உண்டு. எண் மட்டும் நம்முடையதில்லை.

அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது எண்ணைச் சொல்லாமல் வந்து பாருங்கள். பேனாவைக் கொடுங்கள், வாங்கிக்கொள்ளுங்கள், "பார்த்துக்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். திரும்பி வரும் வழியில் ஜோசியருக்குப் போன் செய்யத் தோன்றும், செய்யாதீர்கள். தேர்வு அன்று வாசலில் விட்டுவிட்டுப் போங்கள். மூன்று மணி நேரமும் மரத்தடியில் நின்று மற்ற பெற்றோரோடு கட்-ஆஃப் பேசுவதால் உள்ளே ஒரு விடைகூட மாறப்போவதில்லை. வெளியே வந்ததும் கேள்வித்தாளைப் பிடுங்கிக் கூட்டிப் பார்க்காதீர்கள். சாப்பிட என்ன வேண்டும் என்று கேளுங்கள். அது நமக்கு நிச்சயமாகத் தெரிந்த துறை.

ரிசல்ட் வந்ததும் குழுவில் போடுவதற்கு முன்னால் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். அந்த முகம் என்ன சொல்கிறது என்று உலகத்தில் உங்களுக்குத்தான் முதலில் தெரியும். தேறவில்லை என்றால், பிளஸ் டூவுக்குத் துணைத்தேர்வு அதே ஆண்டிலேயே நடக்கிறது, ஒரு வருஷம் வீணாகாது. விண்ணப்பிக்கக் கடைசித் தேதி எது என்று பள்ளியில் கேட்டால் சொல்வார்கள். பரிகாரம் கேட்கக் கிளம்புவதற்கு முன்னால் அதைக் கேட்டுவிடுங்கள்.